அவரிடம் யார் கேட்டார்கள்?

மேலூர்ச் சாலையோரச் சிற்றூர்களிலும் மதுரை நகரின் சந்துகளிலும், வலக்கையை மடியில் கிடத்தியவாறு வாசலில் அமர்ந்திருக்கும் ஒருவரை நாம் காண்கிறோம். ‘கைகால் விழுந்துவிட்டது’ என்பது ஊர்வழக்கு. பக்கவாதம் என்பர் மருத்துவர். நலம் விசாரிக்கச் செல்கிறோம். யாரிடம் விசாரிக்கிறோம்? அவருடைய மனைவியிடம், மகனிடம். “சாப்பிடுகிறாரா? தூங்குகிறாரா?” என்கிறோம். அவரும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். அன்பு செய்கிறோம் என்ற நினைப்பில் ஒருவரை அவருடைய வாழ்விலிருந்தே ஒதுக்கிவைப்பது தகுமா?

மூளைக்குச் செல்லும் குருதிக்குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ இந்நோய் வருகிறது. இடப்புற மூளை பழுதுற்றால் வலப்புற உடல் தளர்வதோடு, பலருக்குப் பேச்சும் போய்விடுகிறது. 1861-இல் பாரிசு மருத்துவர் பால் புரோக்கா சோதித்த நோயாளி ஒருவர், ‘தான்’ என்னும் ஓரசையை மட்டுமே பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தவர். (தமிழ்ச் செவிக்கு அவ்வோரசை எவ்வளவு பொருள் தருகிறது!) பிறர் பேசியதை ஏறத்தாழ முழுவதும் அவர் புரிந்துகொண்டார் என்று புரோக்கா எழுதிவைத்தார். சிலருக்குப் புரிதலும் குன்றுவது உண்மையே. ஆயினும் பேச்சிழந்தோர் எல்லாரையும் அறிவிழந்தோராகக் கொள்வது நம் சோம்பலேயன்றி வேறில்லை.

அடைப்பினால் வந்த நோயெனில், அதைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்திற்குள் செலுத்தவேண்டும். உசிலம்பட்டியிலிருந்து மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கு 108 ஊர்தி வந்துசேர அந்நேரம் போதும். புறா இரத்தம் தேடி அலைந்தால் போதாது. அதன்பின் வருவது மாதக்கணக்கான பயிற்சி. தமிழக அரசு 2021 ஆகத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இயன்முறைப் பயிற்சியையும் வீட்டுக்கே கொண்டுவர முனைந்தது. கைகாலுக்கு இவ்வளவேனும் உண்டு.

அவருடைய விருப்பத்திற்கு? பாகப்பிரிவினை நாளில், செயலிழந்த கட்டைவிரலைப் பிறர் பிடித்து மையில் ஒற்றிப் பத்திரத்தில் பதிப்பதை நாம் கேள்விப்படாதவர்கள் அல்லர். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, நிலைத்துவிட்ட இப்பேச்சிழப்பையும் மாற்றுத்திறன் வகைகளில் சேர்க்கிறது. சொத்தை வைத்திருக்கவும் ஆளவும் அவருக்குள்ள சம உரிமையையும் உறுதிசெய்கிறது. பத்திரத்தைச் சுற்றி நிற்கும் உறவினர் எத்தனை பேருக்கு இது தெரியும்?

கப்பர்நாகூமில் கூரையைப் பிரித்து முடக்குவாதமுற்றவரை இறக்கிய நால்வரை நாம் போற்றுகிறோம், போற்றத்தக்கவர்களே. ஆனால் பெத்சதா குளத்தருகே முப்பத்தெட்டு ஆண்டுகளாய் நோயுற்றுக் கிடந்தவரிடம் இயேசு முதலில் நலம்பெற விருப்பமா என்று கேட்கிறார். அக்கேள்வி நம் வீடுகளிலும் எழலாம். நிலத்தை விற்கலாமா, பேத்தியை எங்கே கொடுப்பது, இன்று தேநீர்க்கடை வரை போகலாமா? ஆம் என்றால் தலையசைக்கட்டும், இல்லையென்றால் இடக்கையை உயர்த்தட்டும். விடை வர ஒரு நிமிடம் ஆகலாம். அதுவரை பக்கத்திலிருப்பவர் முந்திக்கொண்டு பதில் சொல்லாமல் இருக்கவேண்டும்.