உட்காரவென்று செய்த கதிரை

எளியவர்களுக்கென்று செய்யப்பட்ட ஒரு பொருள் அவர்களுக்கே எட்டாததாகிவிட்டால், அங்கு தவறிழைத்தவர் யார்? பியர் ஜன்னரேயின் கதிரைகளைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் இக்கேள்வி என்னைத் தொந்தரவு செய்கின்றது.

1947 பிரிவினையில் லாகூரை இழந்த இந்தியப் பஞ்சாப், சண்டிகரில் புதிய தலைநகரொன்றைக் கட்டியது. கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே வந்துபோய்க்கொண்டிருந்தார். அவரது ஒன்றுவிட்ட சகோதரர் ஜன்னரே 1951 முதல் 1965 வரை அங்கேயே தங்கி உழைத்தார். அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் ஆயிரக்கணக்கில் தளபாடங்கள் தேவைப்பட்டன. தேக்கையும் பிரம்பையும் கொண்டு, உள்ளூர்த் தச்சர் இலகுவாகச் செய்யத்தக்க கதிரைகளை அவர் வடிவமைத்தார். யூலி சௌத்ரி போன்ற இந்தியக் கலைஞர்களும் அதில் பங்கெடுத்தனர். 1967இல் மறைந்த ஜன்னரேயின் அஸ்தி சண்டிகரின் சுக்னா ஏரியிலேயே கரைக்கப்பட்டது.

காலப்போக்கில் பிரம்பறுந்த அக்கதிரைகள் கழிவுப் பொருளாக ஏலம் போயின. வெளிநாட்டு வணிகர்கள் வாங்கிச் செப்பனிட்டுப் பெருவிலைக்கு விற்றனர். 2011இல் இந்திய உள்துறை அமைச்சு அவற்றின் விற்பனையைத் தடுத்தது.

அதிகாரிகளின் அறியாமையே காரணம் என்பார்கள். எனக்கு அவ்வாறு படவில்லை. கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுப் பிரம்புக் கதிரை அறுந்தபோதெல்லாம் உம்மா பின்னுபவரை அழைப்பித்தார். அவர் வரவு நின்றதும் பிளாஸ்டிக் கதிரை வந்தது. பழையது கொல்லைப்புறம் போனது. அங்கு யாருடைய ரசனையும் கெட்டுவிடவில்லை. பழுதுபார்க்கும் கைதான் இல்லாமற்போனது.

வணிகர்கள் காப்பாற்றியிராவிட்டால் அவை விறகாகியிருக்கும் என்ற வாதத்தில் நியாயமுண்டு. ஆனால் எதனைக் காப்பாற்றினார்கள்? மரத்தைக் காப்பாற்றினார்கள். சாதாரண எழுதுவினைஞரும் நல்லதொரு கதிரையில் அமரலாம் என்ற எண்ணத்தை அல்ல. இன்று அதன் விலையை உயர்த்துவது ஜன்னரேயின் பெயர். அறுத்து, இழைத்து, பொருத்திய தச்சர்களின் பெயர் அவ்விலையில் இல்லை.

சில கதிரைகள் நூதனசாலையில் இருக்கட்டும். பார்த்துப் படிக்க அவை வேண்டும். எனினும் அந்த மனிதருக்குச் செய்யும் மரியாதை அதுவல்ல. வெள்ளவத்தையில் வாடகை அறையொன்றில் குடியிருப்பவர் வாங்கக்கூடிய விலையில், உறுதியான, அழகான ஒரு கதிரையை மொறட்டுவைத் தச்சரொருவர் இன்று செய்து தருவாராயின், ஜன்னரேயின் வேலை தொடர்கின்றது என்பேன்.