எஞ்சிய ஒரு நாள்

குத்தாலத்திலிருந்தும் அதைச் சூழ்ந்த காவிரிக்கரை ஊர்களிலிருந்தும் நாகூருக்குச் செல்லும் நம் குடும்பங்கள் பல, வியாழக்கிழமை பகலிலேயே புறப்பட்டுவிடுகின்றன. வெள்ளியிரவைத் தர்காவில் கழித்து, மறுநாள் ஜும்ஆத் தொழுது, நேர்ந்துகொண்டவற்றை நிறைவேற்றிய பின்னர், அலுவலகமும் பள்ளிக்கூடமும் இல்லாத சனிக்கிழமை எஞ்சி நிற்கிறது. அந்த ஒரு நாளை என்ன செய்வது என்ற கேள்வி, தங்கும் அறையில் தேநீர் அருந்தும் வேளையில் மிகச் சாதாரணமாகவே எழுகிறது. ஆயினும் அக்கேள்விக்குள் நம் வணக்க வாழ்வு முழுவதையும் தொடக்கூடிய ஓர் அறக்கேள்வி அடங்கியிருக்கிறது.

வந்த இடத்தில் வந்த வேலையைப் பாருங்கள், இன்னும் நான்கு யாசீன் ஓதலாம் என்பார் வீட்டுப் பெரியவர். ஓதியாயிற்று, இனி கால்போன போக்கில் கொஞ்சம் சுற்றி வருவோம் என்பார்கள் இளையவர்கள். பெரியவரின் நோக்கில் வெளியே செல்வது வீண்பொழுது. இளையவர்களின் நோக்கில் ஜியாரத் முடிந்துவிட்டது, எஞ்சியது பொழுதுபோக்கு. இருவரும் மாறுபடுவதாகத் தோன்றினாலும் ஒன்றில் முழுமையாக உடன்படுகின்றனர். தலத்தின் வாசலோடு அதன் புனிதமும் நின்றுவிடுகிறது என்பதே அந்த உடன்பாடு. நாம் ஆராய விரும்புவது அதைத்தான்.

தர்காக்களுக்குச் செல்வது குறித்து நம் ஆலிம்களிடையே நிலவும் கருத்து வேற்றுமைகளுள் இங்கு நாம் புகவில்லை. நாகூருக்குச் செல்லாதவரும் மக்காவுக்கும் மதீனாவுக்கும் செல்ல ஏங்குகிறவரே. அங்கும் இதே கேள்வி, இன்னும் கூர்மையாகவே எழுகிறது. மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளிவாசலில் தொழும் ஒரு தொழுகை, மக்காவின் புனிதப் பள்ளி நீங்கலாகப் பிற இடங்களில் தொழும் ஆயிரம் தொழுகைகளைவிட மேலானது என்று நபிமொழி கூறுகிறது. வாழ்நாள் சேமிப்பைச் செலவிட்டுச் சென்றவர், அந்தப் பள்ளியை விட்டு ஒரு வேளையேனும் அகல மனம் வருமா? வராதுதான். அந்த ஏக்கத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் ஏக்கம் ஒன்று, கணக்கு வேறொன்று. நன்மையைத் தொகை போட்டுப் பார்க்கும் மனம், தன்னை அறியாமலே வணக்கத்தை வணிகமாக்கிவிடுகிறது.

அந்தப் பள்ளியைக் கட்டியவர்கள் என்ன செய்தார்கள்? சனிக்கிழமைதோறும் அவர்கள் குபாவுக்குச் செல்வார்கள். சில வேளை நடந்தும் சில வேளை வாகனத்திலும் செல்வார்கள். அங்கே இரண்டு ரக்அத் தொழுவார்கள் என்று புகாரியில் பதிவாகியிருக்கிறது. குபா, நபிகளாரின் பள்ளிக்குத் தெற்கே மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த தொலைவில் இருக்கிறது. 622ஆம் ஆண்டு ஹிஜ்ரத்தின்போது அவர்கள் முதலில் தங்கியதும், முதற்பள்ளியை எழுப்பியதும் அங்கேதான். ஆயிரம் மடங்கு சிறப்புடைய பள்ளியின் அருகிலேயே குடியிருந்தவர்கள், வாரம் ஒரு நாள் அதன் வாசலைக் கடந்து, பேரீச்சந் தோட்டங்கள் நிறைந்த ஒரு சிற்றூருக்குச் சென்று வந்தார்கள்.

குபாவும் பள்ளிதானே, அது வணக்கத்திலிருந்து வணக்கத்துக்குச் செல்வதுதானே என்று கேட்கலாம். உஹதைப் பற்றி என்ன சொல்வது? அது பள்ளியன்று; மதீனாவின் வடக்கே நிற்கும் வெறும் பாறை மலை. அந்த மலை நம்மை நேசிக்கிறது, நாமும் அதை நேசிக்கிறோம் என்ற கருத்தில் நபிகளார் மொழிந்திருக்கிறார்கள். ஊருக்கு வெளியே நிற்கும் ஒரு மலையை நேசிப்பதற்கு இறைநேசம் அவர்களுக்குத் தடையாக இருக்கவில்லை.

இன்னும் ஒரு படி மேலே செல்வோம். ஹஜ்ஜின் உயிர்நாடி எங்கே இருக்கிறது? கஅபாவின் அருகிலன்று, மக்காவிலிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவில், ஹரம் எல்லைக்கு வெளியே அமைந்த அரஃபாத் பெருவெளியில் இருக்கிறது. அங்கே தங்காதவருக்கு ஹஜ் இல்லை. இஸ்லாத்துக்கு முன்னர் குறைஷிகள் அங்கே செல்ல மறுத்துவந்தனர். பிற மக்கள் அரஃபாத் வரை செல்ல, தாங்கள் ஹரமுக்கு உரியவர்கள், அதன் எல்லையைத் தாண்டமாட்டோம் என்று முஸ்தலிஃபாவிலேயே நின்றுவிடுவர். கேட்பதற்கு அது பேணுதலாகத் தோன்றும். புனித மண்ணை விட்டு அகலாத மேன்மக்கள் என்று அவர்களைப் புகழவும் தோன்றும். ஆனால் மக்கள் எங்கிருந்து திரும்புகின்றார்களோ அங்கிருந்தே நீங்களும் திரும்புங்கள் என்ற பொருளில் இறைமறை அவர்களுக்குக் கட்டளையிட்டது. பேணுதலின் உடையில் நின்ற பெருமை அன்று கலைக்கப்பட்டது. புனித எல்லைக்குள் நிற்பதையே தகுதியாக்கி, வெளியே நிற்கும் மக்களைத் தாழ்வாகக் காணும் மனநிலையை இறைவன் ஏற்கவில்லை என்பதை இதனினும் தெளிவாகச் சொல்ல இயலாது.

ஓய்வு நாள் என்னும் எண்ணத்தையும் இங்கே சற்று நோக்குவோம். யூதர்களின் சனிக்கிழமை, தொழிலை முற்றாக நிறுத்தும் நாள். நமது வெள்ளிக்கிழமை அத்தகையதன்று. ஜும்ஆவுக்கு அழைக்கப்பட்டால் வணிகத்தை விட்டு விரைய வேண்டும். தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று இறையருளைத் தேடலாம். பள்ளிக்குள் கூடுவதும் பள்ளியிலிருந்து கலைவதும் ஒரே கட்டளையின் இரு பாதிகள். முதற்பாதியை மட்டும் பற்றிக்கொண்டவர் அதைப் பாதியே நிறைவேற்றியவராகிறார்.

இவ்வாறு பரவிச் செல்வதற்கு நடை மிகப் பொருத்தமானது. நடப்பவன் எதையும் விரைந்து கடந்துவிடுவதில்லை. மதீனாவில் பனூ ஸலிமா என்னும் குலத்தார், தங்கள் குடியிருப்பு தொலைவில் இருந்ததால் நபிகளாரின் பள்ளி அருகே குடிபெயர விரும்பினர். இருக்கும் இடத்திலேயே இருங்கள், உங்கள் காலடிகள் எழுதப்படுகின்றன என்ற கருத்தில் அவர்களுக்கு விடை கிடைத்தது. போய்ச் சேர்ந்த பிறகு செய்வது மட்டுமன்று, போகும் வழியும் கணக்கில் சேர்கிறது.

காவிரிக்கரையில் பிறந்த நமக்கு இக்கருத்து அந்நியமானதன்று. குத்தாலத்துக்குக் கிழக்கே, 1982 வரை மாயூரம் எனப்பட்ட மயிலாடுதுறையில், ஐப்பசி முழுவதும் அண்டை மக்கள் காவிரி நீராட வருகின்றனர். ஐப்பசியின் கடைசி நாளுக்குள் வந்துசேர முடியாத முடவர் ஒருவருக்காக, கார்த்திகை முதல் நாளிலும் அப்பேறு நீட்டித்தளிக்கப்பட்டது என்று அவர்கள் சொல்லும் கதையை இவ்வட்டாரத்தில் அறியாதவர் அரிது. அந்நாளுக்கு முடவன் முழுக்கு என்றே பெயர். அவர்களின் நம்பிக்கை வேறு, நமது நம்பிக்கை வேறு. ஆயினும் தவழ்ந்து வந்தவரின் வழியும் வீணாகாது என்ற அறவுணர்வை நாம் அடையாளம் கண்டுகொள்ள முடியாதா?

இனி நாகூருக்கு வருவோம். 16ஆம் நூற்றாண்டில் அங்கே தங்கிய ஷாஹுல் ஹமீது ஆண்டகை, வடநாட்டில் பிறந்து, பல நாடுகள் கடந்து இக்கடற்கரைக்கு வந்தவர்கள் என்று மரபு கூறுகிறது. வந்த பின்னும் ஒரே இடத்தில் அமர்ந்துவிடவில்லை. வடக்கே வாஞ்சூரிலும் கிழக்கே கடலோரச் சில்லடியிலும் தனித்திருந்து தியானித்தார்கள் என்பதும் அம்மரபே. காரைக்கால் வழியாகப் பேருந்தில் வரும் நாம் வாஞ்சூரைக் கடந்துதான் நாகூருக்குள் நுழைகிறோம். ஆனால் சன்னலோரத்தில் கண்ணயர்ந்தவாறு கடக்கிறோம்.

தர்காவிலிருந்து கடற்கரை நோக்கி நடந்து, சற்றுத் தொலைவில் நின்று திரும்பிப் பார்த்தவர்கள் அறிவார்கள். தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப் சிங் 18ஆம் நூற்றாண்டில் எழுப்பிய பெரிய மினாரா 131 அடி உயரமுடையது. அதன் அடியில் நிற்பவருக்குச் சுவர் தெரியும், உயரம் தெரியாது. விலகி நடந்தவருக்கே அது முழுமையாகத் தெரிகிறது. ஒரு முஸ்லிம் நல்லடியாரின் அடக்கத்தலத்துக்கு இந்து மன்னர் ஒருவர் எடுத்த கோபுரம், சுற்றியுள்ள எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி நிற்கிறது என்பதும் அப்போதுதான் மனத்தில் படுகிறது.

அங்கேயே கடலைப் பார்த்து நிற்போம். 2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை, நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்றது. தமிழ்நாட்டில் மிகுதியான இழப்பு இம்மாவட்டத்துக்கே. நாம் துஆக் கேட்டு நிற்கும் இடத்திலிருந்து சிறிது தொலைவில் வாழும் மீனவக் குடும்பங்களுக்கு அக்கடல் தொழிலும் அதுவே, துயரமும் அதுவே. இதை அறியாமல் நம் குடும்பத்தின் நலனுக்கு மட்டும் கையேந்தித் திரும்புவோமாயின், அந்தத் துஆவில் ஏதோ ஒன்று குறைகிறதன்றோ?

தெற்கே நடந்தால், ஒரு காலைப் பொழுதில் நாகப்பட்டினத்தை எட்டிவிடலாம். கந்தூரியின்போது சந்தனக்கூடு நாகப்பட்டினத்திலிருந்து நாகூர் வருவதும் இந்தச் சிறு தொலைவைக் கடந்துதான். பூமியில் நடந்து சென்று முன்னிருந்தோரின் முடிவு என்னவாயிற்று என்று பாருங்கள் என்னும் கருத்தை இறைமறை பலமுறை வலியுறுத்துகிறது. பார்ப்பதற்கு அங்கே எவ்வளவு இருக்கிறது! முதலாம் இராசராச சோழன் காலத்தில், கடல் கடந்த ஸ்ரீவிஜய மன்னரின் பெயரால் அங்கே சூடாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளி எழுந்தது. அதற்குச் சோழன் ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்தான். நூற்றாண்டுகள் கடந்து, சிதைந்து நின்ற செங்கற்கோபுரம் ஒன்றும் 1867இல் இடித்தகற்றப்பட்டது. போர்த்துகீசியரிடமிருந்து 1658இல் டச்சுக்காரர் அந்நகரைக் கைப்பற்றினர். அவர்களிடமிருந்து 1781இல் ஆங்கிலேயர் கைப்பற்றினர். இன்று அவர்களுள் எவரும் அங்கே இல்லை. பதவியும் பணமும் பற்றி நேற்று நாம் கேட்ட துஆக்களை, இந்தத் தெருக்களில் நடந்த பிறகு ஒருமுறை திருத்திக்கொள்ளத் தோன்றும்.

எல்லா நடையும் வணக்கமாகிவிடுமா என்றால், இல்லை. பெருமிதத்தோடு நடவாதே என்பது இறைமறையின் அறிவுரை. பணிவோடு நடப்பதை அருளாளனின் அடியார்க்குரிய முதற்பண்பாகவும் அது காட்டுகிறது. பாதைக்கு உரிமைகள் உண்டு என்று நபிகளார் கற்பித்தார்கள். பார்வையைத் தாழ்த்துவது, பிறருக்குத் தொல்லை தராதிருப்பது, ஸலாத்துக்கு விடை கூறுவது ஆகியவை அவற்றுள் அடங்கும். வழியில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று. குப்பையை எறிந்துகொண்டே செல்பவர் எத்தனை புனித இடங்களைச் சுற்றி வந்தாலும், அந்தக் கிளையைத் தம் கையாலேயே ஒடித்தவராகிறார்.

நடப்பது புதியதோர் ஏற்றத்தாழ்வாகவும் ஆகிவிடக் கூடாது. நடந்தே செல்வதாக நேர்ந்துகொண்ட ஒரு முதியவர், தம் இரு மைந்தர்களின் தோளைப் பற்றித் தள்ளாடிச் செல்வதை நபிகளார் கண்டார்கள். அவர் தம்மை வதைத்துக்கொள்வது இறைவனுக்குத் தேவையில்லை என்று உணர்த்தி, வாகனத்தில் செல்லுமாறு பணித்தார்கள். குபாவுக்கும் அவர்கள் வாகனத்தில் சென்றதுண்டு. ஆகவே முழங்கால் வலியுள்ள பாட்டியைப் பின்தங்கவிட்டு, நாம் அதிகம் நடந்தோம் என்று மகிழ்வதில் நன்மை ஏதுமில்லை.

இதனினும் கவலைக்குரியது ஒன்றுண்டு. நம் ஜியாரத் பயணங்களில் ஓய்வு நாள் பெரும்பாலும் ஆண்களுக்கே ஓய்வு நாளாகிறது. பெண்கள் அறையில் பெட்டிகளைக் காத்தும், குழந்தைகளை உறங்கவைத்தும், திரும்பி வருவோர்க்குச் சோறாக்கியும் அந்த நாளைக் கழிக்கின்றனர். வீட்டில் செய்த வேலையையே வேறோர் ஊரில் செய்வதற்குப் பயணம் எதற்கு? நபிகளார் ஒரு பயணத்தில், உடன் வந்தோரை முன்னே செல்லவிட்டு, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடினார்கள் என்று நபிமொழித் தொகுப்பில் காண்கிறோம். நம்மில் எத்தனை பேர் மனைவியோடும் மகளோடும் கடற்கரை வரை நிதானமாக நடந்திருக்கிறோம்? ஒரு வேளைச் சமையலை நிறுத்தினால் அவர்களும் அந்தக் காற்றை நுகரலாம். ஸுன்னத்தைத் தாடியிலும் தொப்பியிலும் மட்டும் தேடுவோர் இதையும் சற்றுச் சிந்திக்க வேண்டும்.

வழியில் மீன்கூடை சுமந்து வருபவருக்கும், நம் ஊர் வயல்களில் நாற்று நட விடியுமுன் வரப்பில் நடக்கும் பெண்களுக்கும் நடை ஓய்வன்று, பிழைப்பு. அவர்கள் நடையால் நம் சோறு நிறைகிறது. ஓய்வாக நடப்பவர் பிழைப்புக்காக நடப்பவரைச் சந்திக்கும்போது ஒதுங்கி வழிவிடுவதும், அவரிடம் வாங்கும் பொருளுக்கு நாலு காசு குறைக்க வாதிடாதிருப்பதும் அந்த நாளின் தர்மம். உண்டியலில் இடும் காணிக்கையைவிட அது எவ்விதத்திலும் தாழ்ந்ததன்று.

கல்லணையில் காவிரியிலிருந்து வெண்ணாறு பிரிகிறது. குத்தாலத்தைத் தொட்டுச் செல்லும் காவிரி பூம்புகாரில் கடலடைகிறது. வெண்ணாற்றின் கிளையான வெட்டாறு நாகூரின் அருகே கடலடைகிறது. பிரிந்து பரவியதால்தான் இந்த மண் நெல் விளையும் நாடாயிற்று. ஒரே இடத்தில் தேங்கியிருந்தால் அது வெறும் ஏரியாக நின்றிருக்கும். புனிதத் தலத்தில் நாம் பெறும் உள்ளத் தெளிவும் அப்படியே. வாசலுக்குள் அதைப் பெறுகிறோம். வாசலுக்கு வெளியே அதைப் பாய்ச்ச வேண்டும்.

பெரியவர் ஓதச் சொல்வதும் சரியே. இளையவர் புறப்படச் சொல்வதும் சரியே. சுப்ஹு தொழுது, ஓதவேண்டியதை ஓதி, நல்ல நிய்யத்தோடு குடும்பம் முழுவதும் சேர்ந்து நடக்கட்டும். லுஹருக்குத் திரும்பி வரட்டும். அடுத்த பயணத்துக்கு நாள் குறிக்கும்போது, அந்த ஒரு நாளை எஞ்சியதாகக் கருதாமல், வேண்டுமென்றே ஒதுக்கி வைப்போமாக. நம் காலடிகளை நன்மையில் எழுதுவானாக அல்லாஹ். ஆமீன்.