மணமும் நாற்றமும்

தம்ம வகுப்பொன்றில் அன்பர் ஒருவர் வினவினார்: "மேட மாதத்தில் எங்கேனும் பலாப்பழம் வெட்டும் மணம் எழுந்தால், மறைந்த என் தந்தையாரின் நினைவு வந்து நெஞ்சை அடைக்கிறது. இத்துயர் பழத்தில் உள்ளதா, மூக்கில் உள்ளதா, மனத்தில் உள்ளதா?" ஒரு சொல்லில் விடை முடிவதாயின் அன்றே சொல்லியிருப்போம். முடியாமையால் ஈண்டு எழுதுகிறோம்.

திருவனந்தபுரத்துக் கோடையைக் கண்ணை மூடிக்கொண்டே அறியலாம். கும்பத்தில் ஆற்றுகால் பொங்கலன்று தெருவெங்கும் செங்கல் அடுப்புகளில் தென்னோலை எரியும் புகையும் வெல்லம் உருகும் மணமும். மீனத்தில் கொல்லாம்பழம் உதிர்ந்து புளிக்கும் வாடை. மேடத்தில் வருக்கையும் கூழனும். சாலைக் கடைத்தெருவில் தோவாளையிலிருந்து வந்திறங்கும் பிச்சி. வலியதுறை மணலில் வெயிலேறும் கருவாடு. இவற்றுள் எதுவும் தனியே வருவதில்லை. ஒரு முகத்தையோ, ஒரு வீட்டையோ, ஒரு பசியையோ உடன் இழுத்துக்கொண்டே வருகிறது.

மணிமேகலை தன் முப்பதாவதாகிய இறுதிக் காதையில் பன்னிரு சார்புகளைப் பெரும்பாலும் தமிழ்ப் பெயர்களால் வகுக்கிறது. அவற்றுள் வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று என்னும் ஐந்து இவ்வினாவுக்குப் போதும். மூக்கு ஒரு வாயில். பழத்தின் நுண்துகள் அதிற்படுவது ஊறு. இனிதென்றோ இன்னாதென்றோ தோன்றுவது நுகர்வு. "இன்னும் வேண்டும்", "அகன்றால் நன்று" என்பன வேட்கை. "என் தந்தை, என் வீடு" என இறுகுவது பற்று. இவை ஒன்றையொன்று சார்ந்து எழுவன; ஆயினும் அவற்றின் இடைவெளி நமக்குப் புலப்படுவதில்லை. வாசனையில் அது மேலும் குறுகுவதற்கு இக்கால அறிஞர் ஒரு காரணம் காட்டுகின்றனர். காட்சியும் ஒலியும் மூளையின் நடுவிலுள்ள தலாமசு என்னும் காவலைக் கடந்தே உட்செல்ல, வாசனைச் செய்தியோ அக்காவலுக்கு நில்லாது, உணர்ச்சி எழும் பகுதிக்கும் நினைவு சேரும் பகுதிக்கும் விரைந்து சேர்கிறது. வாசனையைப் பற்றும் ஏற்பிகளைக் கண்டறிந்தமைக்காக ரிச்சர்டு ஆக்சல், லிண்டா பக் என்னும் இருவர் 2004-இல் நோபல் பரிசு பெற்றனர். மனித மூக்கில் அவ்வேற்பிகள் ஏறக்குறைய 400 வகை. அந்த நானூற்றில் ஒன்றேனும் "தந்தை" என்பதை அறியாது.

நிற்க. நாற்றம் என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். வள்ளுவர் ஐம்புலன்களை எண்ணுமிடத்து மூக்குக்குரியதை இச்சொல்லாலேயே குறித்தார். மொட்டுக்குள் அடங்கிய மணத்துக்கும் இதனையே ஆண்டார். இன்றோ தமிழிலும் மலையாளத்திலும் இச்சொல்லைக் கேட்ட அளவில் மூக்கைப் பொத்துகிறோம். பூவும் அதுவே, மூக்கும் அதுவே. பெயர் மட்டும் இழிந்தது.

கோடை மழையின் முதல் துளி செம்மண்ணில் விழுந்ததும் எழும் மணத்தை விரும்பாதார் யார்? இசபெல் பேர், ரிச்சர்டு தாமசு என்னும் இருவர் 1964-இல் அதற்குப் பெட்ரிகோர் எனப் பெயரிட்டனர். அவர்களுக்கு நெடுங்காலம் முன்னரே கன்னோசி நகரத்தார் சுட்ட மண்ணை வடித்து அத்தர் செய்து விற்றுவந்தனர். அம்மணத்தின் பெரும்பங்கு ஜியோஸ்மின் என்னும் பொருளினது. அதனை ஆக்குவன மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள். இனி, இதே மாவட்டத்து அஞ்சுதெங்குக் காயற்கரைக்குச் செல்வோம். கயிற்று வணிகத்தில் அஞ்செங்கோ என்பதே ஒரு நூல்வகைக்குப் பெயர். அங்கே தேங்காய் மட்டையை (மலையாளத்தார் தொண்டு என்பர், நாஞ்சில் நாட்டார் கதம்பை என்பர்) ஆறு முதல் பத்துத் திங்கள் நீரில் ஊறவிட்டு, பின்னர்ப் பெண்கள் கொட்டாப்புளியால் அடித்து நார் பிரிப்பர். அப்போது அழுகிய முட்டைபோல் ஒரு வாடை எழும். அதுவும் நுண்ணுயிர்களின் செயலே. மண்ணில் உழைக்கும் உயிர் தந்ததை அத்தர் என்று குப்பியில் அடைத்தோம். நீரில் உழைக்கும் உயிர் தந்ததை நாற்றம் என்று விலக்கினோம். அதனருகே இடுப்பளவு நீரில் நின்ற பெண்களையும் அத்தோடு சேர்த்து விலக்கினோம்.

அத்தொழில் பெருமளவு எந்திரங்களுக்கு மாறிய பின், அக்கரையில் முதிய தாயார் ஒருவரைக் கண்டு பேசினோம். எங்கோ ஓரிடத்தில் இன்னும் மட்டை ஊறிக்கொண்டிருந்தது. காற்று அவ்வாடையைக் கொணர்ந்தபோது எம்முடன் வந்தோர் துண்டால் மூக்கை மூடினர். அத்தாயாரோ மூச்சை உள்ளிழுத்து, தம் அம்மை வந்து பக்கத்தில் நிற்பதுபோல் இருக்கிறது என்றார். அதனைப் பற்று என்று அவருக்கு எடுத்துரைக்க எமக்கு மனம் வரவில்லை. துண்டை எடுத்தோரின் வெறுப்பும் பற்றுத்தான். அதைப்பற்றி வண்டியில் திரும்புகையில் நிரம்பப் பேசினோம்.

பஞ்சாலையில் யாம் உழைத்த நாளில், எண்ணெயும் பஞ்சுத்தூசியும் வியர்வையும் தோய்ந்த சட்டையுடன் பேருந்தில் அமர்வோம். வீட்டில் பிள்ளைகள் அதே சட்டையைப் பற்றிக்கொண்டே உறங்குவர். ஒருநாள் பக்கத்திலிருந்தவர் இன்முகமாய்ப் பேசிவந்தார். ஊரைக் கேட்டார், தெருவைக் கேட்டார். அதன் பின்னரே மூக்கைச் சுளித்து எழுந்து நின்றார். வாடை அவருக்கு முன்னமே எட்டியிருந்தது. சுளிப்பதற்குத் தெருவின் பெயர் வேண்டியிருந்தது. ஊறுக்கும் நுகர்வுக்கும் இடையே சாதி நுழையும் இடம் அதுவென அன்று கண்டோம்.

தனியொருவரிடம் காணும் இதனை ஒரு நகரமே செய்வதும் உண்டு. 2000-ஆம் ஆண்டு முதல் திருவனந்தபுரத்தின் குப்பை விளப்பில்சாலை என்னும் சிற்றூரின் ஆலைக்குச் சென்றது. நகரத்தார் மூக்குக்கு எட்டாததை அவ்வூரார் உண்ணும்போதும் உறங்கும்போதும் நுகர்ந்தனர். 2011 டிசம்பரில் ஊராட்சியார் ஆலையைப் பூட்டினர். 2012 பிப்ரவரியில் காவலர் துணையோடு வண்டிகளை உள்ளே செலுத்த முயன்றபோது, ஊர்மக்கள் சாலையில் திரண்டு தடுத்தனர். பின்னரே நகரத்து வீடுகளில் குப்பையை அங்கேயே மட்கச் செய்யும் கலங்கள் பரவின. பலாச்சக்கையைத் தின்ற வீட்டிலேயே அதன் மடலும் அழுகுவதில் என்ன குறை?

வெளிக்குப்பை நீங்கினும் "நான்", "என் தெரு" என்னும் உள்வாடை எளிதில் நீங்குவதன்று. கேமகர் என்னும் தேரர் கோசாம்பியில் நோயுற்றுக் கிடந்தபோது, பிற தேரர்கள் அவரிடம் ஆளனுப்பி, ஐங்கந்தங்களில் எதனையேனும் நான் என்று கொள்கிறீரோ என வினவினர். எதனையும் கொள்ளவில்லை, ஆயினும் "நான்" என்பது இன்னும் நீங்கவில்லை என்றார் அவர். மீண்டும் மீண்டும் ஆள் வரவே, கோலூன்றித் தாமே நடந்து சென்று விளக்கினார். தாமரையின் மணம் இதழினதோ, தண்டினதோ எனக் கேட்டால், பூவினது என்பதன்றோ விடை? "நான்" என்பதும் அவ்வாறே எங்கும் பரந்து நிற்கிறது. வண்ணான் உவர்மண்ணும் காரமும் சாணமும் இட்டு வெளுத்த துணியில் அழுக்குப் போயினும், அவற்றின் வாடை எஞ்சும். அதனை மணப்பேழையில் இட்டு வைக்க, நாளடைவில் அதுவும் அகலும். அதுபோல, கந்தங்கள் தோன்றி மறைதலை நோக்கியிருப்பவனிடம் எஞ்சிய வாடையும் தேயும் என்றார். அவ்வுரை நிகழும்போதே அறுபது தேரர்களின் உள்ளம் விடுபட்டது. சொல்லிக்கொண்டிருந்த கேமகரின் உள்ளமும் விடுபட்டது.