பக்குவமும் வகுப்பும்

பாகூர் ஏரியை அடுத்த சிற்றூர் ஒன்றிலே, சொர்ணவாரிப் பட்டத்துக்கு நாற்று விட்டிருந்த நாளில், என்னோடு நெடுநாட் பழக்கமுள்ள விவசாயி ஒருவர் வரப்பில் நின்றபடி ஒரு சந்தேகம் கேட்டார். அவருடைய மகள் இரண்டாம் வகுப்பை முடித்திருந்தாள். நான்காவதற்குப் போகவிருந்த அண்ணனின் புத்தகத்தை எடுத்து, அவன் திணறும் பக்கங்களை அவனுக்கே வாசித்துக் காட்டுகிறாளாம். "மூணாவத விட்டுட்டு நேரா நாலாவதுல போட்டுடலாமான்னு வூட்டுல கேக்குறாங்க ஐயா. போட்டா புள்ளைக்கு நல்லதா?" என்றார். டபுள் புரமோஷன் என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிடும் இவ்விஷயத்தினுள், ஓர் ஆன்மாவுக்குத் தகுதி எப்படி விளைகிறது என்னும் பழைய தத்துவ விசாரமே அடங்கியிருக்கிறதென்பது வீடு வந்து சேர்ந்த பிறகுதான் எனக்குப் பட்டது.

வயதையும் வகுப்பையும் ஒரே முடிச்சில் கட்டியது அண்மைக் காலத்து ஏற்பாடு. திண்ணைப் பள்ளியிலே மணலில் எழுதிப் பழகுபவனும் எண்சுவடி ஒப்பிப்பவனும் ஒரே வாத்தியாருக்கு முன் அமர்ந்து, அவனவன் நடைக்கு நடந்தார்கள், முந்தியவன் சட்டாம்பிள்ளையானான், தாண்டுவதற்கு அங்கே வகுப்பே இல்லை. இதே பாகூரில், பல்லவன் நிருபதுங்கவர்மனின் 8-ஆம் ஆட்சியாண்டிலே, மூன்று ஊர்களைத் தானமாகப் பெற்ற வித்யாஸ்தானம் ஒன்று விளங்கியதைச் செப்பேடுகள் சொல்கின்றன. வைதிகக் கல்விக்கு வாயிலான உபநயனத்தை அந்தணச் சிறுவனுக்கு எட்டாம் ஆண்டில் விதித்த மனுஸ்மிருதி, பிரம்மவர்ச்சஸை, அதாவது வேதக் கல்வியால் வரும் ஒளியை, விரும்பினால் ஐந்திலேயே செய்யலாம் என்று சலுகையும் தருகிறது. ஆனால் அச்சலுகை எக்குலத்தாருக்கு என்பதை நினைக்கையில், அந்த மூன்று ஊர்களிலும் உழுது நெல் அளந்தவர்களின் பிள்ளைகளுள் எத்தனை சூரியர்கள் சேற்றிலேயே நின்று அஸ்தமித்தார்களோ என்ற வருத்தம் எழாமலில்லை.

தகுதி விளைவதைச் சைவ சித்தாந்தம் வேறு விதமாக அணுகுகிறது. சரியை, கிரியை, யோகம், ஞானம் எனப் படிகள் நான்கு. ஒருவர் பிறந்த சில காலத்திலேயே ஞானத்தில் நின்றால், கீழ்ப்படிகளை முற்பிறவிகளிலே ஏறி முடித்தவர் என்றே சித்தாந்திகள் கொள்வர். அப்படியானால் படியைத் தாண்டியவர் எவருமில்லை. அவர் நடந்த நடை நம் கண்ணில் படவில்லை, அவ்வளவே. முற்பிறவிக் கணக்கை நகைத்து ஒதுக்கக் கூடிய பாரதிதாசனே இதற்கு நல்ல சாட்சி. புதுவையில் மூன்றாண்டுத் தமிழ்ப் படிப்பை இரண்டே ஆண்டில் முடித்து, 1909-இல், பதினெட்டு வயதில், தமிழாசிரியராகிவிட்டவர் அவர். கல்லூரியின் வாசலை மிதிக்குமுன்பே திருப்புளிசாமி ஐயாவிடம் பாடம் கேட்டிருந்ததைக் கல்லூரியின் கணக்கு காட்டாது.

பாகூர் ஏரியை நிரப்பும் பங்காரு வாய்க்கால் தென்பெண்ணையின் நீரைக் கொண்டுவருவது. அதே ஆற்றின் கரையிலே, மேற்கே, திருவெண்ணெய்நல்லூர் இருக்கிறது. அங்கே சைவ சித்தாந்த ஆசாரியரான மெய்கண்டார், பாலராக இருந்தபோதே, உபதேசம் செய்கிறார் என்று கேள்விப்பட்டு, அவர் குடும்பத்துக்கே குருவான அருணந்தி சிவாசாரியார், சகலாகம பண்டிதர் என்று பேர் பெற்றவர், சீடர்கள் சூழ வந்து, ஆணவத்தின் சொரூபம் யாதென வினவினாராம். பிள்ளை வாய் திறக்கவில்லை. நிமிர்ந்து நின்ற அவரையே ஏற இறங்கப் பார்த்தது. பண்டிதர் அடியற்ற மரம்போல் விழுந்து சீடரானார். பிள்ளையின் பக்குவத்தைப் பற்றிய இந்தக் கதையில் பரீட்சையில் தோற்றவர் பெரியவர் என்பதை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. 'எங்க வூட்டுப் புள்ள ரெண்டு கிளாஸ் ஏறிடுச்சு' என்று தேர்த் திருவிழாவன்று வில்லியனூரில் உறவினரிடம் சொல்ல வேண்டுமென்ற ஆசை யாருடையது? அதற்காகப் பிள்ளையை ஆயத்தம் செய்வதில் அர்த்தமில்லை.

மறுவாரம் அந்த விவசாயியின் வீட்டுக்குப் போனேன். பெண் தடங்கலில்லாமல் வாசித்தாள். பதினாறாம் வாய்பாட்டைத் தலைகீழாகச் சொன்னாள். எழுதச் சொன்னபோதுதான் தெரிந்தது: பென்சிலை முஷ்டியில் இறுக்கிப் பிடித்திருந்தாள், 'ழ'வின் சுழி கீழ்க்கோட்டை விட்டிறங்கி அடுத்த வரியில் போய்ப் படுத்துக்கொண்டது, மூன்றாவது வரியில் விரலை உதறினாள். அறிவு நான்காவதில் இருந்தது, கை இரண்டாவதிலேயே நின்றது. உடம்பால் செய்யும் தொண்டாகிய சரியையை முதற்படியாக வைத்தவர்கள் உடம்பை அறிந்தவர்கள்.

இதை நான் எப்படிச் சொல்வதென்று தயங்குகையில், அவரே நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். திருந்திய நெல் சாகுபடியில் இரண்டு மூன்று போகம் கண்டவர் அவர். வழக்கமாக இருபத்தைந்து நாள் வளர்ந்த பின் பறிக்கும் நாற்றை அம்முறையில் பதினாலாம் நாளே எடுத்துவிடுகிறார்கள்; ஆனால் வேரில் ஒட்டிய மண்ணோடு எடுத்து, உடனே, ஆழமாக ஊன்றாமல், ஒற்றை ஒற்றையாக, 25 சென்டிமீட்டர் இடம் விட்டு நடவேண்டும்; தண்ணீரையும் தேக்கக் கூடாது.

"எளசாப் புடுங்கறதுல தப்பில்ல ஐயா. மண்ண உதறிட்டா போச்சு," என்றார்.

பிறகு மனைவியைக் கூப்பிட்டு, கடைக்குப் போகும்போது இரட்டைக்கோட்டு நோட்டு இரண்டு வாங்கிவரச் சொல்லிவிட்டு, வாத்தியாரம்மாவைப் பள்ளி திறந்ததும் பார்க்கலாம் என்று மோட்டாரை நிறுத்தப் போனார். பெண் அந்த 'ழ'வை அழித்துவிட்டு மறுபடி எழுதிக்கொண்டிருந்தாள்.