பேணுதல் வேறு, பற்றுதல் வேறு

உடைமையைப் பேணுதல் தம்மத்துக்கு ஒத்ததா, ஒவ்வாததா என்னும் வினா நம் இல்லறத்தாரிடையே அடிக்கடி எழுகின்றது. கோலார் தங்கவயலைச் சேர்ந்த உபாசகர் ஒருவர், பத்தாண்டுகளுக்கு மேலாகத் தம்மிடமுள்ள மோட்டார் சைக்கிளை விடாது பழுதுபார்த்து ஓட்டி வருகிறார். "அதை விற்க மனம் வரவில்லை, இதுவும் வேட்கைதானா?" என்று அவர் எம்மை வினவினார். வினா சிறிதாயினும் அதன் பொருள் பெரிதாகலின், அன்பர்கள் யாவரும் ஆராயுமாறு இங்கு விடை கூறப் புகுகின்றோம்.

2011ஆம் ஆண்டு ஹீரோ நிறுவனம் வெளியிட்ட இம்பல்ஸ் என்னும் வண்டி அது. தார்ச்சாலை, கரடுமுரடான மண்பாதை ஆகிய இரண்டிலும் செல்லத்தக்க உயர்ந்த உடலும், ஸ்போக்ஸ் பூட்டிய சக்கரங்களும், 150 சி.சி. இயந்திரமும் உடையது. சில ஆண்டுகளில் அதன் உற்பத்தி நின்றது. 2019இல் எக்ஸ்பல்ஸ் 200 என்னும் வேறு வண்டி அவ்வகையில் வந்தது. ஆகவே பழையதன் உறுப்புகள் சிலவற்றைக் கடைகடையாகத் தேடவேண்டியுள்ளது.

மண்பாதையில் ஓடும் வண்டி தன் முதுமையை விரைவில் காட்டிவிடும். புழுதி ஏர் பில்டரை அடைக்கும். அடைத்தால் பெட்ரோல் மிகுதியாகச் செலவாகும், பிளக்கில் கரி படியும். செயின் தொய்யும், பற்சக்கரத்தின் பற்கள் கூர்ந்து தேயும். ஸ்போக்ஸ் ஒன்று தளர்ந்தால் அதன் பாரம் அண்டையிலுள்ளவற்றின்மேல் விழுந்து அவையும் முறியும். பல நாள் ஓட்டாது நிறுத்தினாலோ, பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டரின் நுண்துளையை அடைக்கும். ஓடினாலும் தேய்வு, நின்றாலும் தேய்வு! அநித்தியம் என்னும் பாடத்தைக் கற்க இதனினும் வெளிப்படையான ஏடு வேண்டுமோ?

மிலிந்த மன்னனுக்கு நாகசேனத் தேரர் தேரை உவமையாகக் காட்டித் தெளிவுறுத்தியதை நம்மவர் அறிவர். அச்சு தேராகுமா? சக்கரம் தேராகுமா? நுகம் தேராகுமா? எதுவும் ஆகாது, யாவும் கூடியவிடத்து வழங்கும் பெயரே தேர். உபாசகரின் வண்டியையும் அவ்வாறே ஆராய்வோம். டயர் மாறிற்று, செயின் மாறிற்று, கிளட்ச் தகடும் கேபிளும் மாறின. எஞ்சியவையும் ஒவ்வொன்றாய் மாறும். அவர் விடமாட்டேன் என்று பிடித்திருப்பது இவற்றுள் எதனை? "என்னுடைய பழைய வண்டி" என்னும் பெயரையே அன்றோ! பற்று நிற்குமிடம் இரும்பில் இல்லை. "எனது" என்னும் எண்ணத்தில் இருக்கின்றது. உபாதானம் என்னும் பாலிச் சொல்லுக்குப் பற்று என்பதோடு எரிபொருள் என்னும் பொருளும் உண்டு. இயந்திரத்துள் எரியும் பெட்ரோல் வழி நடத்தும். மனத்துள் எரியும் "எனது" என்பதோ உடையவனையே எரிக்கும்.

அங்ஙனமாயின் வண்டியைத் தெருவில் எறிந்துவிடுவதா? அன்று. அதே மன்னன், "துறவிகளுக்கு உடல் இனியதோ? இல்லையெனில் அதை ஏன் பேணுகிறீர்கள்?" என்று வினவியபோது, புண்ணுக்கு மருந்திட்டுத் துணி சுற்றுபவன் புண்ணை விரும்பிச் செய்வதில்லை என்னும் உவமையால் தேரர் விடை தந்தார். பேணுதல் வேறு, பற்றுதல் வேறு என்பது இதனால் விளங்கும். நூற்பாலையில் உழைத்த நாமும் இதைக் கண்டோம். கதிர்களுக்குக் காலத்தில் எண்ணெய் இடும் தொழிலாளி இயந்திரத்தின்மேல் மோகங்கொண்டு இடுவதில்லை. இடாவிடில் நூல் அறும், பேரிங் எரியும், உடன் நிற்பவனுக்கு ஊறு நேரும் என்பதை அறிந்தே இடுகிறான். அது விழிப்புணர்வு, ததாகதர் புகழ்ந்த அப்பமாதம்.

ஆனந்தர் பெருந்தொகையான சீவர ஆடைகளைத் தானமாகப் பெற்றபோது, உதேன மன்னன் ஐயுற்று, "இத்தனையும் எதற்கு?" என்று கேட்டான். கிழிந்த ஆடையுடைய பிக்குகளுக்குப் பகிர்வோம் என்றார் ஆனந்தர். பழைய ஆடைகளை என் செய்வீர் என்று மேலும் கேட்டான். அவை விரிப்பாகும், பின்னர்த் தரைவிரிப்பாகும், பின்னர்க் கால்மிதியாகும், பின்னர்த் தூசு தட்டும் துணியாகும், இறுதியில் மண்ணோடு குழைத்துத் தரை மெழுகப் பயன்படும் என்றார். மன்னன் மகிழ்ந்தான். துறந்தவர்களே ஒரு துணியை இவ்வளவு பேணினார்கள் எனில், பொருளை வீணாக்குதல் துறவாகாது என்பது தெளிவன்றோ? புதியது வந்ததும் பழையதை வெறுத்தெறிவதும் வேட்கையின் மற்றொரு முகமே.

பகவன் புத்தரும் எண்பதாம் அகவையில் தம் திருமேனியை, வார்களால் கட்டி ஓட்டப்படும் பழைய வண்டிக்கு ஒப்பிட்டார். அவ்வண்டியை அவர் வெறுக்கவில்லை. அதனோடு ஒட்டிக்கொள்ளவும் இல்லை. அது ஓடுமளவும் தம்மத்தின் பொருட்டு ஓட்டினார்.

நம்மவர்க்கு இவ்வினாவில் மற்றொரு செய்தியும் அடங்கியுள்ளது. 1901இல் சிறுவரான பாபாசாகேப் தம் தந்தையைக் காணச் சென்றபோது, மசூர் நிலையத்தில் தீண்டாமையின் பொருட்டு எந்த வண்டிக்காரனும் ஏற்றவில்லை. இரட்டைக் கூலி பெற்றவனும், சிறுவர்களே ஓட்டவேண்டும் என்று சொல்லி உடன் நடந்தான். 1929இல் சாளீஸ்காவ் ஊரிலும் டோங்காக்காரர்கள் அவரை ஏற்றி ஓட்ட மறுத்தனர். அவரை நடத்தி அழைத்துச் செல்லுதல் மதிப்பன்று என்று கருதிய நம் மக்கள், ஓட்டிப் பழகாத ஒருவரைக் கொண்டு ஓட்டுவித்தனர். சிறு பாலத்தில் சக்கரம் சிக்கி, பாபாசாகேப் கற்றளத்தில் வீசப்பட்டுக் கால் முறிவுற்றார். வண்டி மறுக்கப்பட்ட குலத்துக்கு வண்டி என்பது இரும்பு மட்டுமன்று, மானமுமாகும். தன் கைப்பொருளால் வாங்கிய வண்டியில் ஒருவன் நிமிர்ந்து செல்வதை ஆசை என்று இகழ்வாரோடு நாம் உடன்படோம். ஆயினும் திறமையும் விழிப்பும் இல்லாத மானம் உயிருக்குக் கேடு செய்யும் என்பதையும் அந்நிகழ்ச்சியே கற்பிக்கின்றது. தேய்ந்த பிரேக்கோடு பெருமை பேசி ஓட்டுவது பேணுதலும் அன்று, மானமும் அன்று.

இனி ஒவ்வொருவரும் தம்மைத் தாமே சோதிக்க நான்கு வினாக்கள் கூறுவோம். ஒன்று: வண்டிக்குச் செலவிடும் பொருள் பிள்ளைகளின் கல்வியையும் உணவையும் குறைக்கின்றதா? இரண்டு: நள்ளிரவில் அண்டைவீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால், கேளாமுன்னரே சாவியை எடுக்கின்றோமா, அல்லது கீறல் விழுமே என்று தயங்குகின்றோமா? மூன்று: அதைப் பழுதுபார்க்கும்போது மனம் அமைதியுறுகின்றதா, பிறர் வண்டியோடு ஒப்பிட்டுச் செருக்குறுகின்றதா? நான்கு: சட்டம் விரிசலுற்று, இனி ஏறினால் ஆபத்து என்று மெக்கானிக் கூறும் நாளில், நன்றியோடு இறங்கிவிட இயலுமா?

நான்குக்கும் நல்விடை கூறக்கூடியவர் தம் பழைய வண்டியைத் தாராளமாகப் பேணலாம். செயினுக்கு எண்ணெய் இடுவதும் அவருக்கு ஒரு பயிற்சியே. இரண்டாம் வினாவில் தயங்குபவரோ வண்டியை விற்கவேண்டுவதில்லை. இன்றே சாவியை ஒருமுறை பிறர் கையில் கொடுத்துப் பழகட்டும். இறுக்கிய கை அவிழ அதுவே தொடக்கம். தானமின்றிப் பற்று அறாது. விழிப்பின்றித் தானமும் பயன்படாது. பயன்படும் மட்டும் பேணுவோம், கேட்டவிடத்து ஈவோம், காலம் வந்தவிடத்து விடுவோம்.

எல்லா உயிர்களும் இன்புற்றிருப்பனவாக!