மகிழ்ச்சிக்காகத் தொண்டு செய்யலாமா?

ஓய்வுபெற்று வீட்டில் முடங்கியவருக்கும், தனிமையில் வாடுபவருக்கும் இன்று தயங்காமல் தரப்படும் யோசனை ஒன்று உண்டு: ‘ஏதாவது தொண்டில் இறங்குங்கள், மனசுக்கு நல்லது.’ யோசனையில் பிழையில்லை. ஆனால், தன் மனநிறைவைத் தேடிப் பிறருக்கு உதவுவது தொண்டா, நாகரிகமான தன்னலமா என்ற கேள்வி அதனுள் இருக்கிறது.

ஜெர்மானியத் தத்துவவாதி இம்மானுவேல் கான்ட் 1785இல் வெளியிட்ட அறவியல் நூலில் இதற்குக் கறாராக விடை சொன்னார். இரக்க சுபாவத்தால் உதவி, அதில் மகிழ்பவரின் செயல் பாராட்டுக்குரியது. ஆனால் அதற்குத் தனி அறமதிப்பு கிடையாது. துயரத்தில் மனம் மரத்துப்போனவர், கடமை என்பதற்காக மட்டுமே எழுந்து வந்து உதவினால்தான் அந்த மதிப்பு உண்டு. அரிஸ்டாட்டிலோ, நற்செயலில் மகிழாதவரை நல்லவர் என்று ஏற்கவே இல்லை. 1867இல் வடலூரில் தருமச்சாலை தொடங்கிய வள்ளலார், பசியாற்றுவதில் உண்பவர், உண்பிப்பவர் இருவருக்குமே இன்பம் கண்டார்.

கான்ட்டின் கண்டிப்பில் ஓர் உண்மை இருக்கிறது. உணர்ச்சி வரும், போகும். அதையே நம்பிய உதவியும் கூடவே போய்விடும்; பெறுபவரின் தேவையும் கண்ணில் படாது. சுனாமிக்குப் பிறகு நாகைக் கடற்கரையில் குவிந்த பழந்துணிகளை நினைத்தால் இது விளங்கும். உடுத்த முடியாத கிழிசல்களைக் கொடுத்தவர்களுக்கு நிறைவு. உழைத்து வாழ்ந்த மீனவர்களுக்கு அவமானம். குழந்தைகள் இல்லங்களில் நடக்கும் பிறந்தநாள் விருந்துகளும் இப்படித்தான். கேக் வெட்டி, போட்டோ எடுத்து, பிள்ளைகளைக் கைதட்ட வைத்துவிட்டுக் கிளம்புபவரின் மகிழ்ச்சி உண்மையானதே. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குத் தேவைப்பட்டது வாராவாரம் வந்து கணக்குச் சொல்லித்தர ஒருவர். கொடுப்பவரின் இன்பமே அளவுகோலாகும்போது, பெறுபவர் அந்த இன்பத்துக்கான கருவியாகிறார். தவறு தொடங்கும் இடம் அது.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 1957இல் பள்ளிப்படிப்பை முடித்தவர்களை ஒரு நீண்டகால ஆய்வு பின்தொடர்ந்து வந்திருக்கிறது. ‘ஏன் தொண்டு செய்கிறீர்கள்?’ என்று 2004இல் அவர்களிடம் கேட்டார்கள். நான்கு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, பிறர்நலனைக் காரணமாகச் சொன்னவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது. தமக்கு நல்லது என்று சொன்னவர்களின் நிலையோ, தொண்டே செய்யாதவர்களின் நிலையை ஒத்திருந்தது. இது காரண காரியத்தை நிறுவிவிடவில்லை. தெம்புள்ளவர்கள்தாமே தொண்டுக்கும் போக முடியும்? ஆயினும், பலனைக் குறிவைத்தால் பலன் வந்தே தீரும் என்ற கணக்கை அது சந்தேகிக்க வைக்கிறது.

அதற்காக, தன் துயரம் தீர வருபவரை வாசலிலேயே திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. 1969இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில் சான்றிதழுக்காகச் சேரும் மாணவர்கள் ஏராளம். கிராமத்து முகாமில் சில நாள் தங்கி, குளம் தூர்வாரி, ஊராரோடு பேசிப் பழகிய பிறகும் அந்த நோக்கம் மாறாமலிருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. எதற்காக வந்தார் என்பதைவிட, வந்த பிறகு யார் தேவையைப் பார்க்கிறார் என்பதே முக்கியம்.

1986இல் சென்னையில் தொடங்கிய ‘சினேகா’ தற்கொலைத் தடுப்பு மையத்தில் தன்னார்வலர்கள் செய்யும் முதன்மையான வேலை கேட்பது. தீர்ப்புச் சொல்லாமல், அவசரப்படுத்தாமல், முன்பின் தெரியாதவரின் வலியைக் கேட்பது. பேசியதை வெளியே சொல்ல முடியாது. பேசிவிட்டு வைத்தவர் பிறகு என்ன ஆனார் என்பதும் தெரியாமலே போகலாம். கைதட்டலோ நன்றியோ எட்டாத இத்தகைய வேலையிலும் ஒருவருக்கு நிறைவு கிடைக்குமானால், அந்த நிறைவைத் தன்னலம் என்று தள்ளுவது நியாயமாகாது.

நிறைவை மறைப்பதிலும் ஓர் ஆபத்து உண்டு. ‘உங்களுக்காக எவ்வளவு கஷ்டப்படுகிறேன்’ என்ற முகத்தோடு உதவுபவர், பெறுபவரின் தலையில் கடனை ஏற்றிவிட்டுப் போகிறார். ‘எனக்கும் இதில் மகிழ்ச்சிதான்’ என்று ஒப்புக்கொள்பவரோ அந்தக் கடனை அங்கேயே குறைத்துவிடுகிறார். பெறுபவரின் மானத்தைக் காக்கும் நேர்மை அது.

ஆகவே, தொண்டில் மகிழ்வது குற்றமல்ல; மகிழ்ச்சி வற்றும் நாளில் தொண்டையும் நிறுத்திக்கொள்வதுதான் குற்றம். இல்லத்துப் பொறுப்பாளரிடம் ‘என் பிறந்தநாளுக்கு வரலாமா?’ என்று கேட்பவரும் நல்ல மனிதரே. ‘எந்தக் கிழமை உங்களுக்கு ஆள் கிடைப்பதில்லை?’ என்று கேட்டு, அந்தக் கிழமையில் தவறாமல் போய் நிற்பவரே தொண்டர்.