அடைத்த கதவும் தட்டுகிற கையும்

 

"பாஸ்டர், என் மகன் பெரிய இன்டர்நேஷனல் ஏர்லைன்ஸ்ல பைலட் ஆகணும், ஜெபம் பண்ணுங்க" என்று கேட்கிற பெற்றோர் சபையில் உண்டு. நல்ல விண்ணப்பம்தான். ஆனால் எல்லாத் தகுதியும் இருந்தும் கதவைச் சாத்திவிட்டால்? "கர்த்தருக்குச் சித்தமில்லை போல" என்று சொல்லி வீட்டுக்குத் திரும்பிவிடுவோமா?

அமெரிக்காவில் மார்லன் கிரீன் என்று ஒருவர் இருந்தார். கறுப்பினத்தவர். விமானப்படையில் ஒன்பது வருஷம் ஊழியம் செய்து, 3000 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். 1957ல் படையை விட்டு வந்து ஏர்லைன் கம்பெனிகளுக்கு மனுப் போட்டார். அந்நாட்களில் அங்கே பெரிய பயணிகள் ஏர்லைன் எதிலும் ஒரு கறுப்பின பைலட் கூட இல்லை. கான்டினென்டல் ஏர்லைன்ஸின் மனுவில் இனம் கேட்டிருந்த இடத்தை அவர் வெறுமையாய் விட்டார், போட்டோவும் வைக்கவில்லை. டென்வர் பட்டணத்துக்கு டெஸ்டுக்குக் கூப்பிட்டார்கள். தேறினார். நேரில் பார்த்தபின் நிறம் தெரிந்துபோயிற்று. அவரைவிட அனுபவம் குறைந்த வெள்ளைக்காரருக்கு வேலை கிடைத்தது. இவருக்கு இல்லை!

லூக்கா 18ல் ஒரு விதவையைப் பார்க்கிறோம். நாம் அதை ஜெபத்துக்கு மாத்திரம் எடுத்துக்கொள்கிறோம். அவள் வீட்டில் உட்கார்ந்து அழவில்லையே! தேவனுக்கும் பயப்படாத, மனுஷரையும் மதியாத அந்த நியாயாதிபதியிடம் நடையாய் நடந்தாள். அவள் கேட்டது தயவு அல்ல, நியாயம்.

கிரீனும் அப்படியே நடந்தார். கொலராடோ மாநிலத்தின் பாகுபாடு எதிர்ப்பு ஆணையம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. கம்பெனி கோர்ட்டுக்குப் போயிற்று. "நாங்கள் பல மாநிலங்களுக்குப் பறக்கிறவர்கள், ஒரு மாநிலத்தின் சட்டம் எங்களைக் கட்டுப்படுத்தாது" என்பது அவர்கள் வாதம். கீழ்க் கோர்ட்டில் கம்பெனி ஜெயித்தது. மாநில உச்ச நீதிமன்றத்திலும் ஜெயித்தது. யோசித்துப் பாருங்கள், மனைவி பிள்ளைகள் உள்ள மனுஷன்! வருஷம் போகப் போகப் படித்த வேலை கையை விட்டுப் போகிறது. சொந்தக்காரர் என்ன சொல்லியிருப்பார்கள்? "கிடைச்ச வேலையைப் பாருப்பா" என்றுதானே?

1963 ஏப்ரலில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனமாய் அவர் பக்கம் தீர்த்தார்கள். அல்லேலூயா! ஆனாலும் மறுநாளே சீட் கிடைக்கவில்லை. 1965ல்தான் வேலையில் சேர்ந்தார். இதற்குள் 1964ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் டேவிட் ஹாரிஸ் என்கிற கறுப்பின பைலட்டை எடுத்துக்கொண்டது. தட்டினவர் ஒருவர், முதலில் உள்ளே போனவர் இன்னொருவர். இதைத் தாங்குகிறதுதான் கஷ்டம், இல்லையா? கிரீன் 1978 வரை பறந்தார், கேப்டனாகவும் உயர்ந்தார். 2009ல் மரித்தார். அடுத்த வருஷம் அதே கம்பெனி ஒரு போயிங் 737 விமானத்துக்கு அவர் பெயரை வைத்தது.

தேவபிள்ளைகளே, மனுஷன் அநியாயமாய்ச் சாத்துகிற கதவுக்கெல்லாம் தேவன் பேரில் பழி போடாதிருங்கள். நிறத்தினால் சாத்தினாலும் சரி, நம் ஊரில் ஜாதியினால் சாத்தினாலும் சரி.

ஆனால் ஒன்று. தட்டுகிறவர் கையில் 3000 மணி நேரம் இருந்தது. நம் தேசத்தில் கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். பிளஸ் டூவில் பிசிக்ஸ், கணக்கு வேண்டும். வானிலை, நேவிகேஷன், விமானச் சட்டம் என்று பரீட்சைகள் உண்டு. டாக்டர் பரிசோதனையிலும் தேற வேண்டும். பரிசோதனையை முதலில் முடியுங்கள், பீஸ் கட்டுவது அப்புறம். "பணம் கட்டுங்க, நாங்க பாத்துக்கறோம்" என்கிற ஏஜெண்டை நம்பி நிலத்தை விற்றுவிடாதிருங்கள். அது விசுவாசமல்ல.

இப்படி மனுப் போட்டுக் காத்திருக்கிற வாலிபப் பிள்ளைகள் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வரும்போது அந்த மனுவின் நகலைக் கொண்டுவாருங்கள். திருப்பி அனுப்பப்பட்டதையும் கூடக் கொண்டுவாருங்கள். பெயர் சொல்லி ஜெபிப்போம், அதன்பின் அடுத்த மனுவை உட்கார்ந்து எழுதுவோம்.